தொழில்முறை மல்யுத்தப் பயிற்சியாளர் தகுதியானவரா? சேருவதற்கு முன் எடைபோடும் முழுமையான வழிகாட்டி

ஒரு மல்யுத்தப் பள்ளியில் வகுப்பைப் பார்க்க ஓரமாக உட்கார்ந்திருந்தேன். சேர்ந்து இரண்டு வாரமே ஆன ஒரு பையன் ரிங்கின் நடுவில் குந்தியிருந்தான். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே மடித்த கைத்துண்டை இடுக்கிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்து விழ வேண்டும். விழுந்த பிறகும் துண்டு நழுவக் கூடாது. அன்றைக்கு அவனுக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். பயிற்சியாளர் பக்கத்தில் ஒரு முழங்காலை ஊன்றி, அவன் தலைக்குப் பின்னால் கையை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். துண்டு நழுவியது. "தாடை தூக்கிடுச்சு. திரும்பக் குந்துப்பா" என்றார். மறுபடி நழுவியது, மறுபடி குந்தச் சொன்னார். இப்படிப் பத்துப் பதினைந்து தடவை. குரலில் சலிப்பு இல்லை, மற்ற மாணவர்களும் சிரிக்கவில்லை. கடைசிவரை அவனை நின்ற நிலையிலிருந்து விழ விடவே இல்லை. "இன்னைக்கு இது போதும், அடுத்த வகுப்புல பார்ப்போம்" என்று இறக்கிவிட்டார்.

அவர் தொலைக்காட்சியில் வந்தவர் இல்லை. சுவரில் சாம்பியன் பெல்ட் எதுவும் தொங்கவில்லை. ஆனால் நல்ல மல்யுத்தப் பயிற்சியாளர் எப்படி இருப்பார் என்று யாராவது கேட்டால், எனக்கு அந்தத் துண்டுதான் நினைவுக்கு வரும். பின்பக்கமாக விழும்போது மண்டை தரையில் மோதாமல் இருக்க, தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். இது துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது உடம்பில் பழகும்வரை அடுத்ததற்குப் போக மாட்டேன் என்று பிடிவாதமாக நிற்பவர் குறைவு. அப்படி நிற்கிறவரைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன். தாங்களே சேர நினைப்பவர்களுக்கும், பிள்ளையை அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கும் சேர்த்து.

ஏன் நாமே சோதிக்க வேண்டியிருக்கிறது

ஒலிம்பிக் மல்யுத்தத்துக்கு யுனைடெட் வேர்ல்ட் ரெஸ்லிங் என்ற உலக அமைப்பு இருக்கிறது. அதற்குக் கீழே நாடுவாரியாகக் கூட்டமைப்புகள், பயிற்சியாளர்களுக்கான படிப்புகள் எல்லாம் உண்டு. தொழில்முறை மல்யுத்தத்தில், அதாவது முடிவை முன்பே பேசிவைத்து ஆடும் மல்யுத்தத்தில், உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் பயிற்சியாளர் உரிமம் என்று ஒன்று கிடையாது.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1989-ல், இன்று டபிள்யூடபிள்யூஇ என்று நாம் அறிந்த அமெரிக்க நிறுவனம், அந்நாட்டின் நியூ ஜெர்சி மாநில செனட்டிடம் தங்களுடையது போட்டி விளையாட்டு இல்லை, கேளிக்கை என்று சொன்னது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுவதுதான் நோக்கம். கேளிக்கை என்று ஆகிவிட்டால் ஆணையத்தின் மேற்பார்வை தளர்ந்துவிடும். ஆனால் மேலே தூக்கிப் போட்டால் உடம்பு கீழே வந்து விழுவது எந்தச் சட்டத்தாலும் மாறப்போவதில்லை. மெக்சிகோவில் லூச்சா லிப்ரே, அதாவது அந்நாட்டுத் தொழில்முறை மல்யுத்த வீரர், தொழில்முறை உரிமம் பெற ஆணையம் நடத்தும் தேர்வில் தேற வேண்டும். ஆனால் அது ஆடுகிறவருக்கான உரிமம். ஆடத் தெரியும் என்று அது சொல்லும், கற்றுக்கொடுக்கத் தெரியும் என்று சொல்லாது.

ஆகவே பெரும்பாலான இடங்களில் ஒரு கொட்டகையும் ஒரு பழைய ரிங்கும் கிடைத்தால் யாரும் பலகை மாட்டிவிடலாம். "சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர்" என்று விளம்பரத்தில் பார்த்தால், யார் கொடுத்த சான்றிதழ் என்று கேளுங்கள். முதலுதவிச் சான்றிதழ், உடற்பயிற்சியாளர் சான்றிதழ் என்றால் நல்லது, அது நிஜமான தகுதி. "மல்யுத்தப் பயிற்சிச் சான்றிதழ்" என்றால் அவருடைய பள்ளியோ அவருடைய நண்பரோ அச்சடித்த தாளாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதல் படி: பெயரை ஒதுக்கிவிட்டு வரலாற்றைப் பாருங்கள்

பெரிய நட்சத்திரம் நல்ல ஆசிரியராகவும் இருப்பார் என்று நம்புவதுதான் இந்தத் துறையில் எல்லோரும் செய்யும் முதல் தவறு. சில சமயம் அது உண்மைதான். கில்லர் கொவால்ஸ்கி தன் காலத்தில் பெரிய வில்லன். பிறகு மாசசூசெட்ஸில் பள்ளி நடத்தி டிரிபிள் எச், சைனா போன்ற நட்சத்திரங்களை உருவாக்கினார். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். சாரா அமாட்டோ, சாரா டெல் ரே என்ற பெயரில் சிறிய அரங்குகளில் பல ஆண்டுகள் ஆடியவர். டபிள்யூடபிள்யூஇ-யில் அவர் நட்சத்திரமாக இருந்ததே இல்லை. 2012-ல் அங்கே பயிற்சியாளராகச் சேர்ந்தார். இன்று பெண்கள் மல்யுத்தத்தில் கொடிகட்டிப் பறக்கும் சார்லட், பெக்கி லிஞ்ச், பெய்லி போன்றவர்கள் அவரிடம் பயின்றவர்கள். மெக்சிகோவின் குவாடலஹாராவில் டியாப்லோ வெலாஸ்கோ என்று ஒருவர் இருந்தார். அவர் ஆடிய ஆட்டங்களைப் பற்றி வெளியுலகில் பேசுவோர் குறைவு. ஆனால் மில் மாஸ்கரஸ் உட்படத் தலைமுறை தலைமுறையாக வீரர்கள் அவரிடம் கற்றார்கள்.

சரி, புகழ் வேண்டாம் என்றால் எதைப் பார்ப்பது? அவர் எத்தனை ஆண்டு ஆடினார், எத்தனை வெவ்வேறு நிறுவனங்களில் ஆடினார், யார் யாரோடு ஆடினார் என்பதை. கேஜ்மேட்ச் என்ற இணையத் தரவுத்தளத்தில் சின்னச் சின்ன ஷோக்களின் மேட்ச் விவரம்கூட ஏராளமாகப் பதிவாகியிருக்கிறது. பெயரைப் போட்டுத் தேடினால் அரை மணி நேரத்தில் ஒரு படம் கிடைத்துவிடும். பத்து வருடம் ஆடினேன் என்கிறவருக்கு அங்கே ஆறு மேட்ச்தான் இருக்கிறது என்றால் அவரிடமே கேளுங்கள். எல்லா ஷோவும் பதிவாவதில்லை, நேர்மையான விளக்கம் இருக்கலாம். கேள்விக்கு அவர் எரிச்சல்பட்டால் அதையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே நிறுவனத்தில், அதுவும் தானே நடத்தும் நிறுவனத்தில் மட்டும் ஆடியவர் என்றால் நான் தயங்குவேன். வெளியாட்களோடு ஆடும்போதுதான் ஒருவருக்குத் தன் பழக்கங்களில் எது சரி, எது ஆபத்து என்று தெரியவரும். தன் வீட்டு ரிங்கில் தன் நண்பர்களோடு மட்டுமே ஆடியவருக்கு யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்து, அவர் யாரிடம் கற்றார்? இங்கே ஒரு நுணுக்கம். பிரபல வீரர்கள் ஊர் ஊராகப் போய் ஒருநாள் செமினார் நடத்துவார்கள். காலையில் போய் மாலையில் திரும்பியவர், "இன்னாரிடம் பயின்றவர்" என்று போஸ்டரில் போட்டுக்கொள்வார். பொய் என்றும் சொல்ல முடியாது. "அவரிடம் எவ்வளவு காலம், வாரத்தில் எத்தனை நாள் கற்றீர்கள்?" என்று கேளுங்கள். முடிந்தால் அந்த ஆசிரியருக்கே ஒரு செய்தி அனுப்பிக் கேளுங்கள். துறையில் இருப்பவர்கள் இதற்குப் பெரும்பாலும் பதில் சொல்வார்கள். தங்கள் பெயர் எங்கே பயன்படுகிறது என்பதில் அவர்களுக்கு அக்கறை உண்டு.

இரண்டாம் படி: அவருடைய மாணவர்கள் விழுவதைப் பாருங்கள்

பயிற்சியாளர் ஆடிய பழைய வீடியோக்களை விட, அவருடைய மாணவர்கள் ஆடும் வீடியோக்கள் நிறையச் சொல்லும். பள்ளி காட்டும் சிறந்த மாணவரை விட்டுவிடுங்கள். அவர் எங்கே சேர்ந்திருந்தாலும் நன்றாக வந்திருக்கக்கூடியவர். ஷோவில் முதல் மேட்ச் ஆடும் புதியவர்களைப் பாருங்கள். யாரும் கைதட்டாத அந்த ஐந்து நிமிடத்தில்தான் பள்ளியின் தரம் தெரியும்.

விழும்போது தாடை உள்ளே இருக்கிறதா? முதுகின் மேற்பகுதி பரவலாகத் தரையில் படுகிறதா, இல்லை இடுப்போ முழங்கையோ முதலில் இடிக்கிறதா? கைகள் உடம்புக்குச் சற்று விலகி, உள்ளங்கை கீழே பார்க்க, தட்டையாக அறைகின்றனவா? பின்னால் கையை ஊன்றி விழுகிறவர்கள் மணிக்கட்டையும் முழங்கையையும் உடைத்துக்கொள்வார்கள். ஒரே பள்ளியின் மூன்று நான்கு மாணவர்களிடம் ஒரே பிழை இருந்தால் அது மாணவர்களின் பிழை இல்லை.

விழுகிறவரை விடக் கவனிக்க வேண்டியது தூக்கிப் போடுகிறவரை. எதிராளியைத் தூக்கித் தரையில் போடும் பாடி ஸ்லாம் செய்யும்போது அவருடைய முதுகு தட்டையாகப் படும்படி கடைசிவரை பிடித்து வழிநடத்துகிறாரா, இல்லை தூக்கியதும் கையை விட்டுவிடுகிறாரா? இந்தக் கலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. என் உடம்பை உன்னிடம் தருகிறேன், பத்திரமாகத் திருப்பிக் கொடு என்பதுதான் ஒவ்வொரு மூவுக்கும் அடியில் இருக்கும் ஒப்பந்தம். அதைப் புரியவைக்காத பயிற்சியாளர், ஒரு மாணவனுக்கு அல்ல, அவனோடு ஆடப்போகும் அத்தனை பேருக்கும் ஆபத்தை உண்டாக்குகிறார்.

சின்ன அடையாளம் இன்னொன்று. அமெரிக்கப் பாணியில் ஹெட்லாக் (தலையைக் கையில் இடுக்கும் பிடி), கைப்பிடி எல்லாம் பொதுவாக இடப்பக்கமாகப் பிடிப்பார்கள், மெக்சிகோவில் வலப்பக்கம். எந்தப் பாணி என்பது முக்கியமில்லை. எல்லோரும் ஒரே பக்கம் பிடித்தால்தான் முன்பின் தெரியாத இருவர் மோதிக்கொள்ளாமல் ஆட முடியும். ஒரே பள்ளி மாணவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் அடிப்படையை யாரும் சொல்லித்தரவில்லை என்று அர்த்தம்.

அப்புறம், மாணவர்களை மற்ற நிறுவனங்கள் அழைக்கின்றனவா என்று பாருங்கள். பாதியில் விட்டுப்போன இரண்டு மூன்று பேரைத் தேடிப் பேசுங்கள். பாதியில் விடுவது இந்தத் துறையில் சகஜம், உடம்பு வலி தாங்காமல் போகிறவர்களே நிறைய. ஆனால் "காயம்பட்டேன், அதற்கப்புறம் யாரும் ஒரு போன்கூடப் பண்ணவில்லை" என்று ஒருவர் சொன்னால், மற்ற எல்லாப் பாராட்டையும் விட அதற்கு எடை அதிகம்.

மூன்றாம் படி: ஒரு முழு வகுப்பை நேரில் பாருங்கள்

சேருவதற்கு முன் ஒரு வகுப்பையாவது ஆரம்பம் முதல் கடைசிவரை உட்கார்ந்து பாருங்கள். "வெளியாட்களுக்குக் காட்ட மாட்டோம், தொழில் ரகசியம்" என்று சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். முடிவு பேசிவைத்தது என்பதை மறைக்க வேண்டிய காலத்தில் அந்தப் பேச்சுக்கு ஒரு பொருள் இருந்தது. இப்போது மறைக்க அங்கே எதுவும் இல்லை, பயிற்சி நடக்கும் விதத்தைத் தவிர.

அந்தப் பழைய காலத்தின் நிழல் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. கனடாவின் கால்கரியில் ஸ்டூ ஹார்ட் தன் வீட்டு அடித்தளத்தில் நடத்திய 'டஞ்சன்' என்ற பயிற்சிக்கூடம் புகழ்பெற்றது. நிஜப் பிடிகளைப் போட்டு மாணவர்களை அலறவைப்பார் என்று அங்கே கற்றவர்களே கதைகதையாகச் சொல்வார்கள். ஹிரோ மட்சுடா என்ற பயிற்சியாளரிடம் போன முதல் நாளே தன் கால் உடைக்கப்பட்டது என்று ஹல்க் ஹோகன் பலமுறை சொல்லியிருக்கிறார். வருகிறவன் தாக்குப்பிடிக்கிறானா, ரகசியத்தைக் காப்பானா என்று சோதித்த காலம் அது. அந்தத் தலைமுறையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதே முறையை இன்று எடுத்துக்கொண்டு "நாங்கள் பழைய பள்ளி" என்று பெருமை பேசுகிறவரிடம், அந்த வலி எதைக் கற்றுக்கொடுக்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது.

வகுப்பில் வரிசையைக் கவனியுங்கள். உடம்பைச் சூடாக்குவது, பிறகு உருளுவது, பிறகு விழுவது, பிறகு ரோப்பில் ஓடுவது, லாக்அப் (இருவரும் கழுத்தையும் கையையும் பற்றித் தொடங்கும் பிடி), மற்றப் பிடிகள், அதன் பிறகே தூக்கிப்போடுவது. விழுவதிலும் படிகள் உண்டு: படுத்த நிலையில் கையை அறைவது, குந்தியபடி விழுவது, பாதி எழுந்து விழுவது, கடைசியில் நின்றபடி. புதியவரை முதல் நாளே நின்றபடி விழவைப்பதும், முதல் வாரத்தில் எதிராளியைத் தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் சாய்க்கும் சூப்ளெக்ஸ் போடவைப்பதும் எனக்குப் போதுமான காரணங்கள், வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை.

ரோப்பில் ஓடுவது பார்க்க எளிது, ஆனால் கற்றுக்கொடுப்பவரின் கவனம் அங்கே நன்றாகத் தெரியும். பல ரிங்குகளில் ரோப் என்பது ரப்பர் குழாய்க்குள் செருகிய இரும்புக் கம்பிதான். புதியவர்களுக்கு முதுகிலும் அக்குளுக்குக் கீழும் கன்றிப்போகும். அடிகளை எண்ணி ஓடி, சரியான காலில் திரும்பி, சாயும்போது மேல் ரோப்பைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். ரோப் அறுந்தாலோ தளர்ந்தாலோ அந்தக் கைதான் காப்பாற்றும். "கை எதுக்குப் பிடிக்கணும்?" என்று ஒரு மாணவர் கேட்டால் பயிற்சியாளர் இந்தக் காரணத்தைச் சொல்கிறாரா, "சொன்னதைச் செய்" என்கிறாரா? ஏன் என்ற கேள்விக்கு இருக்கும் மரியாதையை வைத்தே பாதிப் பள்ளிகளைக் கழித்துவிடலாம்.

உடற்பயிற்சி விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பஸ்கி, தண்டால் எல்லாம் மல்யுத்தத்தோடு பிறந்தவை. டோஜோ எனப்படும் ஜப்பானியப் பயிற்சிக்கூடங்களில் இன்றும் நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுப்பார்கள். களைத்த பிறகும் கவனம் சிதறாமல் ஆட வேண்டும் என்பதால் உடலுறுதி அவசியம்தான். ஆனால் பழக்கமே இல்லாதவரை முதல் நாளே ஐந்நூறு பஸ்கி எடுக்கச் சொல்வது பயிற்சி ஆகாது. அளவுக்கு மீறி வருத்தினால் தசை இழைகள் சிதைந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, சிறுநீரகம் பாதிக்கும் நிலைகூட வரும். படிப்படியாக ஏற்றுகிறாரா, வாந்தி எடுக்கும்வரை விரட்டிவிட்டு அதையே சாதனையாகப் படம் எடுத்துப் போடுகிறாரா என்று பாருங்கள். களைத்து விழுந்தவர்களை உடனே ரிங்கில் ஏற்றி ஒருவரை ஒருவர் தூக்கிப் போடச் சொன்னால் அது இன்னும் மோசம்.

விழுகிற எண்ணிக்கையையும் கவனியுங்கள். ஒவ்வொரு பம்ப்பும், அதாவது ஒவ்வொரு விழுதலும், முதுகெலும்புக்கும் கழுத்துக்கும் ஓர் அதிர்ச்சி. நல்ல பயிற்சியாளர் அதை எண்ணிச் செலவு செய்வார். உயரத்திலிருந்து குதிக்கும் மூவ்களுக்கு முதலில் தடித்த மெத்தை போடுவார். புதிய மூவ் என்றால் மெதுவாக, பாதி வேகத்தில், பக்கத்தில் ஒருவரைத் தாங்க நிறுத்திச் செய்யவைப்பார். போடுகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுப்பார்.

கடைசியாக ஒன்று. மாணவர் தவறி அழுத்தமாக அடித்துவிட்டால், பதிலுக்கு வலிக்க அடிப்பதைத் துறையில் 'ரிசீட்' என்பார்கள். இருவரும் அனுபவசாலிகள் என்றால் அது அவர்கள் பாடு. பயிற்சியாளரே கற்றுக்குட்டிக்கு ரிசீட் கொடுத்தால், தன் கோபத்தை அடக்கத் தெரியாத ஒருவரின் கையில் உங்கள் கழுத்து இருக்கப்போகிறது என்று பொருள்.

நான்காம் படி: ரிங்கைச் சுற்றி ஒரு நடை

இதற்குப் பத்து நிமிடம் போதும். ரிங் பொதுவாக ஒரு பக்கம் 16 முதல் 20 அடி இருக்கும். இரும்புச் சட்டம், மேலே பலகை, அதன் மேல் மெல்லிய நுரை, மேலே கேன்வாஸ். அனுமதி கேட்டு ஏறி நடந்து பாருங்கள். பலகை விலகிப் பள்ளம் தட்டுகிறதா, மூலைகளில் ரோப்பை இறுக்கும் டர்ன்பக்கிள் மேல் பஞ்சுறை ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா, ரோப்பை இழுத்தால் தொய்கிறதா, ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே ஒருவர் விழ இடம் இருக்கிறதா, கூரை இடிக்கும் அளவுக்குத் தாழ்ந்திருக்கிறதா. கேன்வாஸைத் துடைக்கிறார்களா என்றும் கேளுங்கள். படர்தாமரையும் தோல் தொற்றும் மல்யுத்தப் பள்ளிகளின் பழைய விருந்தாளிகள். ரிங்கே இல்லை, சிமென்ட் தரையில் பாய் விரித்து பம்ப் கற்றுத்தருகிறோம் என்றால், வேண்டாம்.

ஐந்தாம் படி: காயம்பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்

இந்த ஒரு கேள்விக்காக மட்டுமே நேரில் போகலாம்.

2001-ல் கலிஃபோர்னியாவின் ஹேவர்டில் ஒரு பயிற்சிப் பள்ளியில் மாணவர் ஒருவர் பயிற்சியின்போது தலையில் அடிபட்டு இறந்தார். அதற்கு முன்பே அங்கே பயிற்சியில் அவருக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்தது. அப்படியும் பயிற்சி தொடர்ந்தது. 2005-ல் நடுவர் குழு பள்ளியின் அலட்சியத்தை உறுதிசெய்து, குடும்பத்துக்கு 13 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு தரச் சொன்னது. ஒரு மூளை அதிர்ச்சி ஆறுவதற்குள் இன்னோர் அடி விழுந்தால் அது உயிரையே எடுக்கலாம். இது தெரியாதவர் கற்றுக்கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஹார்வர்டில் படித்து டபிள்யூடபிள்யூஇ-க்கு வந்த கிறிஸ் நொவின்ஸ்கி, 2003-ல் மூளை அதிர்ச்சியால் ஆட்டத்தையே விட வேண்டிவந்தது. அறிகுறிகளை மறைத்துக்கொண்டு தொடர்ந்து ஆடியதை அவரே பிறகு சொன்னார். 2007-ல் இந்த ஆபத்தைப் பற்றி ஆராயவும் எடுத்துச்சொல்லவும் ஓர் அமைப்பை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கினார். மாணவர்கள் மறைப்பார்கள் என்பதுதான் இங்கே பாடம். வாய்ப்பு போய்விடும், கோழை என்பார்கள் என்று பயந்து மறைப்பார்கள். மறைக்கத் தேவையில்லாத சூழலை உண்டாக்குவது பயிற்சியாளரின் வேலை.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: "ஒருத்தர் தலையில அடிபட்டு, ஒண்ணுமில்ல சார், நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?" சரியான பதில், அன்றைக்கு அவர் மறுபடி ரிங்கில் ஏற மாட்டார் என்பது. மருத்துவர் பார்த்த பிறகு, படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் விட்டு, மருத்துவர் அனுமதித்த பிறகே உடலோடு உடல் மோதும் பயிற்சிக்குத் திரும்புவது. விளையாட்டு மருத்துவத்தில் உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட முறை இதுதான். "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு உட்காரச் சொல்வேன், தெளிஞ்சதும் ஏறலாம்" என்ற பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

கழுத்தில் அடிபட்டவரை அசைக்கக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியுமா, வகுப்பு நடக்கும்போது முதலுதவி தெரிந்தவர் கட்டாயம் இருப்பாரா, காயங்களை எழுதிவைக்கும் ஏடு உண்டா என்றும் கேளுங்கள். மாணவர்களுக்கு நிறுத்தச் சொல்லும் சைகை கற்றுத்தரப்படுகிறதா? மேட்சில் நிஜமாகவே காயம் என்றால் நடுவர் தலைக்கு மேல் கைகளைக் குறுக்காக வைத்துக் காட்டுவார். பயிற்சியிலும் அதுபோல ஒன்று வேண்டும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 1997 ஆகஸ்டில் சம்மர்ஸ்லாம் என்ற பெரிய ஷோவின் மேட்சில் ஓவன் ஹார்ட் போட்ட பைல்டிரைவரில் (எதிராளியைத் தலைகீழாகப் பிடித்துக் கீழே இறக்கும் மூவ்) ஸ்டீவ் ஆஸ்டின் என்ற வீரரின் கழுத்தில் கடும் காயம் ஏற்பட்டது. ஓவன் மல்யுத்தக் குடும்பத்தில் பிறந்து சிறு வயதிலிருந்தே கற்றவர், திறமையில் யாருக்கும் குறைந்தவர் இல்லை. அப்படிப்பட்டவரிடமே நடக்கும். அதனால் "என் பள்ளியில இதுவரை ஒருத்தருக்கும் அடிபட்டதில்ல" என்கிறவரை விட, "இன்ன வருஷம் ஒரு பையனுக்குத் தோள்பட்டை விலகுச்சு, அதுக்கப்புறம் அந்தப் பயிற்சியை இப்படி மாத்திட்டேன்" என்கிறவரை நான் நம்புவேன்.

ஆறாம் படி: ரிங்குக்கு வெளியே அவர் எப்படி

2020 ஜூனில் மல்யுத்தத் துறையில் பாலியல் துன்புறுத்தல், மிரட்டல் பற்றிப் பலர் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். பிரிட்டனில் அது பெரிய அலையாக எழுந்தது. பயிற்சியாளர்கள் மேலும் குற்றச்சாட்டுகள் வந்தன. அடுத்த ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழு ஒன்று துறையைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது, பயிற்சிப் பள்ளிகளின் பாதுகாப்பு அதில் முக்கிய இடம் பிடித்தது. பயிற்சியாளர் கையில் ரிங்கும் இருக்கிறது, ஷோவில் இடம் கொடுக்கும் அதிகாரமும் இருக்கிறது. கனவோடு வருகிறவர் எதையும் மறுக்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்தைத்தான் சிலர் பயன்படுத்துகிறார்கள்.

பெயரையும் 'குற்றச்சாட்டு' என்ற சொல்லையும் சேர்த்து இணையத்தில் தேடுங்கள். அங்கே பயிலும் பெண்களிடம் பயிற்சியாளர் இல்லாத இடத்தில் பேசுங்கள். தொட்டுக் கற்றுத்தர வேண்டிய கலை இது. தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடுகிறாரா, பிடி முடிந்ததும் கையை எடுக்கிறாரா என்று வகுப்பிலேயே தெரியும். உடை மாற்றத் தனி இடம் உண்டா? புகார் சொல்ல வேண்டுமானால் பயிற்சியாளரைத் தவிர வேறு யாரிடம் சொல்வது? "எல்லாமே நான்தான்" என்பது நல்ல பதில் இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் எந்த வகுப்பிலும் வந்து உட்காரலாம் என்பது விதியாகவே இருக்க வேண்டும். இரவு நேரத் தனிச் செய்திகள், தனியாகக் காரில் ஷோவுக்கு அழைத்துப்போவது, "நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்ற பேச்சு, இவற்றில் ஒன்று வந்தாலும் போதும், விலகிவிடுங்கள்.

ஏழாம் படி: பணமும் காகிதமும்

கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். முழுத் தொகையையும் முதலிலேயே கட்டச் சொல்கிறாரா, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும், காயத்தால் நின்றால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். "எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல" என்ற படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள், அது வழக்கம்தான். ஆனால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க விட வேண்டும். காப்பீடு இருக்கிறது என்றால் யாருக்கு என்று கேளுங்கள். கட்டடத்துக்கும் பார்வையாளருக்கும் காப்பீடு இருந்து, பயிற்சியில் விழும் மாணவருக்கு இல்லாமல் இருக்கலாம். உங்கள் சொந்த மருத்துவக் காப்பீடு இந்த மாதிரிப் பயிற்சியை ஏற்குமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

"ஆறு மாசத்துல டபிள்யூடபிள்யூஇ-ல சேர்த்துவிடுறேன்" என்று யாராவது சொன்னால் அது பொய். அவர்களுடைய பயிற்சி மையம் 2013-ல் ஆர்லாண்டோவில் திறந்தது. அங்கே பயில்பவர்கள் ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் வாங்குகிறவர்கள், கட்டணம் கட்டிச் சேர்கிறவர்கள் இல்லை. அங்கே இடம் வாங்கித்தருகிறேன் என்று யாருக்கும் பணம் வாங்க வழியே கிடையாது.

முதல் மேட்சுக்கு எவ்வளவு காலம் என்பதற்கு ஒரே விடை இல்லை. லான்ஸ் ஸ்டார்ம் கால்கரியில் நடத்திய பள்ளியின் படிப்பு மூன்று மாதம்தான், ஆனால் அது முழுநேரப் படிப்பு. வார இறுதியில் இரண்டு மணி நேரம் மட்டும் பயிலும் ஒருவரை மூன்றாம் மாதமே மக்கள் முன்னால் ஏற்றுகிறார் என்றால், அவருக்குத் தேவைப்படுவது ஷோவுக்கு இலவச ஆட்கள். ரிங் கட்டுவதும் பிரிப்பதும் துறையின் பழைய வழக்கம், கற்றுக்கொள்ள நல்ல வழியும்கூட. ஆனால் வகுப்பு நேரத்தில் வேலை வாங்குவது, இத்தனை டிக்கெட் விற்றால்தான் மேட்ச் என்பது, வேறு எங்கும் ஆடக் கூடாது என்று கையெழுத்து வாங்குவது எல்லாம் வேறு கணக்கு.

எட்டாம் படி: சேர்ந்த பிறகும் முதல் மாதம் சோதனைதான்

முடிந்தால் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள். ஒவ்வொரு வகுப்பும் முடிந்ததும் என்ன கற்றீர்கள், எத்தனை தடவை விழுந்தீர்கள், எங்கே வலிக்கிறது என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். தசை வலி சில நாளில் போகும். தலைவலி, கழுத்தில் மின்னல் மாதிரி ஓடும் வலி, கை விரல் மரத்துப்போவது எல்லாம் மருத்துவரிடம் போக வேண்டியவை.

ஒரு நாள் நிஜமாகவே தயங்கும்போது அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "சார், இது எனக்கு இன்னும் வரலன்னு தோணுது." இதற்கு அவர் என்ன செய்கிறார் என்பது, இதுவரை நீங்கள் சேகரித்த எல்லாத் தகவலையும் விடத் தெளிவாக இருக்கும். ஒரு படி இறங்கிவந்து சொல்லிக்கொடுத்தால் தங்கிவிடுங்கள். எல்லோர் முன்னாலும் கேலி செய்தால், அல்லது "இதுக்கே பயந்தா எப்படி" என்று தள்ளினால், அந்த மூவைச் செய்ய வேண்டாம். ரிங்கை விட்டு இறங்கி, பையை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். கட்டிய பணத்தை நினைத்து இன்னொரு வகுப்புக்குப் போகாதீர்கள். காயம் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி எழுத்தில் வாங்கிவையுங்கள். அப்புறம், அந்தப் பள்ளியைப் பற்றி விசாரிக்க நாளை யாராவது உங்களைத் தேடி வந்தால், நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.